நாயை ‘க்ரோ’ செய்ய முடியாது

கேள்வி: செல்லப்பிராணி வளர்க்க நினைக்கும் தோழிக்கு ஆலோசனை சொல்லி ஆங்கிலத்தில் கடிதம் எழுதிப் பழகுகிறேன். ‘ஐ சஜஸ்ட் யூ டு க்ரோ எ டாக். இட் இஸ் எ வெரி குட் அனிமல். யூ மஸ்ட் புட் ஃபுட் அண்ட் இன்ஜெக்‌ஷன் ஆன் டைம்’ என்று எழுதினேன். சொற்கள் பொருந்தவில்லை என்கிறார் என் ஆசிரியர். எப்படித் திருத்துவது?

பதில்: நீங்கள் சொல்ல வந்தது நன்றாகவே புரிகிறது. தமிழில் ஓயாமல் உழைக்கும் இரண்டு வினைச்சொற்களை அப்படியே ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனதில்தான் சிக்கல். ஒன்று ‘வளர்’. இன்னொன்று ‘போடு’.

நாம் குழந்தையையும் வளர்க்கிறோம், ரோஜாச் செடியையும் தாடியையும் நாயையும் வளர்க்கிறோம். ஆங்கிலத்தில் ‘க்ரோ’ செடிக்கும் தாடிக்கும் சரி, நாய்க்கு ஆகாது. குட்டியாக இருப்பதைப் பெரிதாக்கி எடுப்பது ‘ரெய்ஸ்’. மீன், முயல், கோழி என்றால் ‘கீப்’ இயல்பாக வரும். வீட்டில் நாயோ பூனையோ இருக்கிறது என்று சொல்ல ‘ஹேவ்’ போதும். புதிதாக ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவருவது ‘கெட்’. உங்கள் கடிதத்துக்கு வேண்டியது இதுதான்.

‘கெட்’ ரொம்பச் சாதாரணமாக இருக்கிறதே என்று பலர் ‘பர்சேஸ்’, ‘அக்வயர்’ என்று தேடிப் போகிறார்கள். தோழிக்கு எழுதும் கடிதத்தில் அவை ரசீது வாசிப்பது போல ஒலிக்கும். அதோடு, ‘பை’ என்றால் விலைக்கு வாங்குவது மட்டும்தான். ‘அடாப்ட்’ என்றால் வீடில்லாத ஒரு விலங்கைத் தத்தெடுப்பது. ‘கெட்’ இரண்டுக்கும் பொருந்தும். தத்தெடுப்பதே நல்லது என்று நீங்கள் நினைத்தால் தயங்காமல் ‘அடாப்ட்’ என்றே எழுதுங்கள். அந்த ஒரு சொல்லிலேயே ஆலோசனை வந்துவிடுகிறது.

சரி, ‘போடு’வுக்கு வருவோம். சாப்பாடு போடுவது, ஊசி போடுவது, குட்டி போடுவது, மூன்றுக்குமே ‘புட்’ உதவாது. சாப்பாட்டுக்கு ‘ஃபீட்’: ‘ஃபீட் ஹர் ட்வைஸ் எ டே’. தடுப்பூசிக்கு ‘கெட் ஹர் வாக்சினேட்டட்’. ஊசியை நாமே போடுவதில்லை, மருத்துவரிடம் கொண்டுபோய்ப் போட்டு வருகிறோம், அதை இங்கே ‘கெட்’ சொல்லிவிடுகிறது. பூனை குட்டி போட்டால் ‘ஷி ஹேட் கிட்டன்ஸ்’. ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகள் எல்லாம் சேர்ந்து ஒரு ‘லிட்டர்’. பூனை கழிப்பதற்காகத் தட்டில் பரப்பும் மணலுக்கும் அதே பெயர்தான், இடம் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும்.

‘புட்’ பற்றி ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். ‘புட் ஹிம் டு ஸ்லீப்’ என்பது குழந்தைக்குச் சரி. விலங்குக்குச் சொன்னால், குணமாக்க முடியாத நிலையில் மருத்துவர் வலியில்லாமல் அதன் உயிரைப் போக்குவது என்றே படிப்பவர் எடுத்துக்கொள்வார். ‘புட் டவுன்’ என்பதும் அதேதான். ‘இரவு 9 மணிக்குக் குட்டியைத் தூங்க வை’ என்று நினைத்து இதை எழுதினால் தோழி பதறிப்போவார். ‘செட்டில் ஹிம் இன் ஹிஸ் பெட்’ என்று எழுதுங்கள்.

‘மஸ்ட்’ கட்டளை. தடுப்பூசி, குடிநீர் போன்ற தவிர்க்க முடியாத விஷயங்களுக்கு அதை ஒதுக்கிவையுங்கள். நாயா பூனையா என்பது தோழியின் விருப்பம், அங்கே ‘யூ மைட் வான்ட் டு’ அல்லது ‘ஷுட்’ போதும். ‘யூ ஹேட் பெட்டர்’ என்பதை ‘செய்தால் நல்லது’ என்று படித்திருப்பீர்கள். அதற்குள் ‘இல்லாவிட்டால் சிக்கல்’ என்ற மிரட்டலும் உண்டு, அதனால் அளவோடு. அப்புறம், ‘சஜஸ்ட் யூ டு’ என்று வராது. ‘ஐ சஜஸ்ட் கெட்டிங் எ டாக்’ என்றோ, ‘டு’ இல்லாமல் ‘ஐ சஜஸ்ட் யூ கெட் எ டாக்’ என்றோ எழுதலாம். ‘டு’ வேண்டுமென்றால் ‘அட்வைஸ் யூ டு’ இருக்கிறது. ஆனால் ஆலோசனைகள் என்பதற்காக ‘அட்வைசஸ்’ என்று பன்மையாக்காதீர்கள்.

‘வெரி குட் அனிமல்’ தோழிக்கு எதையும் சொல்லவில்லை. எந்த விதத்தில் நல்லது? பாசமாக இருக்குமென்றால் ‘அஃபெக்‌ஷனேட்’. விளையாட்டுத்தனமென்றால் ‘ப்ளேஃபுல்’. தன் பாட்டுக்கு இருக்கும் பூனையென்றால் ‘இண்டிபெண்டன்ட்’. குறைகளிலும் இதே கவனம் வேண்டும். புதியவரைக் கண்டு உறுமும் நாயை உடனே ‘அக்ரெசிவ்’ என்று எழுதிவிடுகிறோம். பல நேரம் அது பயந்துபோயிருக்கிறது, அப்போது ‘நெர்வஸ்’ என்பதே உண்மை. ‘அக்ரெசிவ்’ என்று படித்தவர் விலகிப்போவார், ‘நெர்வஸ்’ என்று படித்தவர் பொறுமையாகப் பழகப் பார்ப்பார்.

மேலே நான் ‘ஹிம்’, ‘ஹர்’ என்றே எழுதியிருக்கிறேன். தமிழில் நாய்க்கும் பூனைக்கும் ‘அது’ என்பது இயல்பு. ஆங்கிலத்தில் பொதுவாக ஒரு விலங்கைப் பற்றிப் பேசும்போது ‘இட்’ தவறில்லை. ஆனால் ஆணா பெண்ணா என்று தெரிந்து, பெயரும் வைத்தாகிவிட்டால் ‘ஹி’ அல்லது ‘ஷி’ என்று எழுதுங்கள். தங்கள் நாயை ‘இட்’ என்று யாராவது சொன்னால் வளர்ப்பவர்களுக்குச் சுருக்கென்று இருக்கும்.