ஒற்றைத் தலைவலி: நரம்பு சுரக்கும் பெப்டைடுகளும் தலையின் ரத்தக்குழாய்களும் – கேள்வி பதில்

கேள்வி: மேடம், தலைக்குள் ரத்தக்குழாய் விரிவதால்தான் ஒற்றைத் தலைவலி வருகிறது என்று கேட்டு வளர்ந்தவன் நான். இப்போது டாக்டர் 'சிஜிஆர்பி' என்கிறார். அது என்ன?

37 அமினோ அமிலங்கள் கோத்த ஒரு பெப்டைடு. முகத்துக்கும் நெற்றிக்கும் உணர்ச்சி தரும் டிரைஜெமினல் நரம்பு, மூளையைப் போர்த்தியிருக்கும் டியூரா உறைக்கும் அதில் ஓடும் தமனிகளுக்கும் மெல்லிய இழைகளை அனுப்புகிறது. அந்த இழைகளில் ஆங்காங்கே உள்ள புடைப்புகளில், நுண்பைகளுக்குள் சிஜிஆர்பி தயாராக இருக்கும். நரம்பு தூண்டப்பட்டதும் வெளியே வந்து, தமனிச் சுவரின் தசை செல்களில் உள்ள ஏற்பியில் ஒட்டிக்கொள்ளும். செல்லுக்குள் சைக்ளிக் ஏஎம்பி என்ற செய்தி கடத்தும் மூலக்கூறு கூடும், பொட்டாசியம் வாயில்கள் திறக்கும், தசை தளரும், குழாய் விரியும். உடம்பில் குழாயை விரிக்கும் பொருள்களிலேயே மிகவும் வீரியமான சிலவற்றில் இதுவும் ஒன்று.

கேள்வி: அப்படியென்றால் நான் கேட்டு வளர்ந்தது சரிதானே?

பாதிதான் சரி. 2013-இல் டென்மார்க் ஆய்வாளர்கள், வலி வந்தவர்களை அந்த நேரத்திலேயே ரத்தக்குழாய்களைக் காட்டும் எம்ஆர் ஆஞ்சியோகிராம் ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். மண்டை ஓட்டுக்கு வெளியே உள்ள தமனிகள் விரியவில்லை. உள்ளே உள்ளவை லேசாக விரிந்திருந்தன. சுமாட்ரிப்டான் என்ற ஒற்றைத் தலைவலி மருந்தைக் கொடுத்ததும் வலி குறைந்தது, ஆனால் உள்ளே இருந்த விரிவு அப்படியே நின்றது. குழாயின் அகலமே வலி என்றால் இது நடந்திருக்காது.

அதே சமயம் சிஜிஆர்பியை ஒதுக்கிவிடவும் முடியாது. ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கு அதை ரத்தநாளத்தில் ஏற்றினால், பலருக்குச் சில மணி நேரம் கழித்து அவர்களுக்கு வழக்கமாக வருவது போன்ற வலியே வந்துவிடுகிறது. ரத்தத்தில் அது வெகு சீக்கிரம் குறைந்துவிடும் பொருள் என்பதை யோசித்துப் பாருங்கள். வலி பிறகு வருகிறது என்றால், இடையில் நரம்பே உசுப்பிவிடப்படுகிறது என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். குழாய் விரிவது நரம்பு விழித்துக்கொண்டதன் அடையாளம். அதுவே முழு நோய் ஆகாது.

கேள்வி: வலியின்போது சிஜிஆர்பி கூடுகிறது என்று யாராவது அளந்து பார்த்திருக்கிறார்களா?

ஆமாம். கோட்ஸ்பி, எட்வின்சன் குழுவினர் 1990-இல் வெளியிட்ட ஆய்வில், வலி நேரத்தில் கழுத்தின் வெளிப்புறச் சிரையிலிருந்து ரத்தம் எடுத்தார்கள். சிஜிஆர்பி உயர்ந்திருந்தது, சப்ஸ்டன்ஸ் பி என்ற இன்னொரு நரம்புப் பெப்டைடு உயரவில்லை. 2005-இல் இன்னொரு குழு செய்த அளவீட்டில் அந்த உயர்வு கிடைக்கவில்லை. அதனால் ரத்த அளவை மட்டும் வைத்து நான் வாதிட மாட்டேன். அதைத் தடுக்கும் மருந்துகள் வேலை செய்கின்றன என்பதுதான் எனக்குப் பெரிய சான்று.

கேள்வி: சப்ஸ்டன்ஸ் பி என்ன செய்கிறது?

அதுவும் குழாயை விரிக்கும், சுவரைக் கசியவும் வைக்கும். விலங்குகளில் பார்த்த அந்தக் கசிவை நம்பி அதன் ஏற்பியை அடைக்கும் மருந்துகளைச் சோதித்தார்கள். ஒற்றைத் தலைவலிக்குப் பலன் இல்லை.

கேள்வி: எல்லாப் பெப்டைடும் விரிக்கத்தானா?

இல்லை. தானியங்கி நரம்புகளில் ஒரு வகையான சிம்பதெடிக் நரம்புகளிலிருந்து வரும் நியூரோபெப்டைடு ஒய் குழாயைச் சுருக்கும்.

கேள்வி: எனக்குக் கிளஸ்டர் தலைவலி. வலிக்கும் பக்கத்துக் கண் சிவந்து நீர் வடிகிறது, அந்தப் பக்க மூக்கும் அடைத்துக்கொள்கிறது. இதற்கும் பெப்டைடுக்கும் தொடர்பு உண்டா?

உண்டு. டிரைஜெமினல் நரம்பின் செய்தி மூளைத்தண்டை எட்டியதும், அங்கிருந்து தானியங்கி நரம்புகளில் இன்னொரு வகையான பாராசிம்பதெடிக் நரம்புகள் தூண்டப்படுகின்றன. அவை விஐபி என்ற பெப்டைடை விடும். கண்ணீர்ச் சுரப்பியும் மூக்கின் சளிப்படலமும் அதற்குப் பதில் சொல்கின்றன. கிளஸ்டர் வலியின்போது ரத்தத்தில் சிஜிஆர்பியோடு விஐபியும் உயர்ந்திருப்பதை 1994-இலேயே காட்டியிருக்கிறார்கள்.

கேள்வி: அப்பாவுக்கு ஒருமுறை ஹார்ட் அட்டாக் வந்திருக்கிறது. அவருக்கு ட்ரிப்டான் வேண்டாம் என்கிறார்கள். வேறு என்ன வழி?

சுமாட்ரிப்டான் போன்ற ட்ரிப்டான் மருந்துகள் நரம்பிலிருந்து சிஜிஆர்பி வெளிவருவதைத் தடுக்கும், கூடவே தமனியையும் சுருக்கும். இதயத் தமனியும் அதில் அடக்கம், அதனால்தான் வேண்டாம் என்கிறார்கள். ஜீபன்ட் வகை மாத்திரைகள் சிஜிஆர்பி ஏற்பியை மறிக்கின்றன, தாமாகக் குழாயைச் சுருக்குவதில்லை. ஆனாலும் ரத்த ஓட்டம் குறையும் நேரத்தில் குழாயை விரித்துக் காப்பாற்றுவதில் சிஜிஆர்பிக்கும் பங்கு உண்டு. ஆகவே இதய மருத்துவரிடம் கேட்காமல் அப்பாவுக்குத் தொடங்காதீர்கள்.

கேள்வி: எரெனுமாப் ஊசி போட்டுக்கொண்டிருக்கிறேன், மலச்சிக்கல் படுத்துகிறது. அடுத்த வருடம் குழந்தைக்கும் திட்டமிடுகிறோம்.

எரெனுமாப், சிஜிஆர்பி ஏற்பியை மறிக்கும் ஓர் ஆன்டிபாடி. குடல் நரம்புகளிலும் சிஜிஆர்பி இருக்கிறது, அதனால் மலச்சிக்கல் இந்த ஊசிக்குத் தெரிந்த பக்கவிளைவுதான். கடுமையானால் பொறுத்துக்கொண்டிருக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். ரத்த அழுத்தமும் ஏறலாம், பார்த்துக்கொண்டே வாருங்கள். இந்த ஆன்டிபாடி உடம்பில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய நான்கு வாரம் ஆகும். அதனால் கருத்தரிக்க முயல்வதற்குப் பல மாதம் முன்பே நிறுத்துவது பற்றி இப்போதே மருத்துவரிடம் பேசிவிடுங்கள்.