திருக்கடலூர் அக்காவுக்கு: மகள் கேட்கும் செய்மதிப் படிப்பு பற்றி

அக்கா,

போன சனிக்கிழமை மகளின் மேற்படிப்பு பற்றிக் கேட்க அவளோடு என்னிடம் வந்துவிட்டுப் புறப்படும்போது, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே ஒரு கேள்வி கேட்டீர்கள். "செய்மதிப் படம் பார்க்கிறதெல்லாம் ஒரு வேலையா? அதுக்கு ஆர் சம்பளம் தருவினம்?" வெளியே இன்னும் நாலு பேர் காத்திருந்ததால் சிரித்துச் சமாளித்துவிட்டேன். மகளின் முகம் சுருங்கியதைப் பிறகுதான் நினைத்துப் பார்த்தேன். இப்போது ஆறுதலாக எழுதுகிறேன். அவளையும் வாசிக்கச் சொல்லுங்கள்.

மகளின் அப்பா, நம் அண்ணை, கடலுக்குப் போக முன் போனில் காற்றுப் பார்ப்பார் என்று சொன்னீர்கள் அல்லவா, அதிலிருந்தே தொடங்குவோம். காற்றைக் காட்டும் அந்த அம்புக்குறிகளைப் போன் தானாக உண்டாக்குவதில்லை. நம் திருகோணமலை வானிலை நிலையத்துக்கு உலகக் கணக்கில் 43418 என்று ஓர் இலக்கம் இருக்கிறது. காலை 5.30, 8.30, 11.30 என்று மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை அங்கே காற்று, அமுக்கம், வெப்பநிலை எல்லாம் அளந்து கொழும்புக்கு அனுப்புகிறார்கள். அங்கிருந்து அது உலக வானிலை அமைப்பின் வலைப்பின்னல் வழியாக எல்லா நாடுகளுக்கும் போகிறது. 1950இல் தொடங்கிய அமைப்பு அது. சண்டை பிடித்துக்கொண்டிருக்கும் நாடுகள்கூட இந்த இலக்கங்களை ஒன்றுக்கொன்று கொடுக்கின்றன. காற்றுக்கு எல்லை இல்லை, பக்கத்து நாட்டின் அளவு இல்லாமல் ஒருவராலும் நாளைய மழையைக் கணிக்க முடியாது.

கடலுக்குள்ளும் இதே கதைதான். ஆர்கோ என்று ஒரு திட்டம். ஆள் உயரத்துக்குக் கிட்ட நீளமான மிதவைக் குழாய்கள், ஏறத்தாழ 4,000, உலகக் கடல்களில் அலைகின்றன. பத்து நாளைக்கு ஒரு முறை 2,000 மீற்றர் ஆழம் வரை இறங்கி, வெப்பத்தையும் உப்பையும் அளந்துகொண்டு மேலே வந்து, செய்மதிக்கு அனுப்பிவிட்டு மறுபடி இறங்கிவிடும். வங்காள விரிகுடாவிலும் அவை உண்டு. ஏதோ ஒரு நாடு காசு போட்டு விட்ட மிதவை, ஆனால் அதன் அளவுகளை யாரும் இலவசமாக எடுக்கலாம்.

இதெல்லாம் தாராள மனசால் மட்டும் வந்ததில்லை. 2004 டிசம்பர் 26ஐ உங்களுக்கு நான் ஞாபகப்படுத்தத் தேவையில்லை. சுமாத்திராவில் நிலம் அதிர்ந்து, அலை நம் கரைக்கு வர இரண்டு மணி நேரத்துக்குக் கிட்ட எடுத்தது. பசிபிக்கில் எச்சரிக்கை முறை எத்தனையோ வருடமாக இருந்தது. ஹவாயில் அந்த எச்சரிக்கை நிலையத்தில் இருந்தவர்களுக்கு நிலநடுக்கம் தெரிந்தும் இருந்தது. இந்து சமுத்திரத்தில் யாருக்கு, எந்த வழியால் சொல்வது என்ற ஏற்பாடுதான் இல்லை. அதற்குப் பிறகுதான் யுனெஸ்கோவின் கீழ் இந்தப் பக்கத்துக்கும் ஒரு முறை வந்தது. இன்று இந்தியா, இந்தோனேசியா, அவுஸ்திரேலியா மூன்றும் எச்சரிக்கை அனுப்புகின்றன. திருகோணமலையில் கடல்மட்டம் அளக்கும் கருவியும் அந்த வலையில் ஒரு கண்ணி. பல நாடுகள் தங்கள் அவதானிப்புகளைப் பகிர்ந்துகொள்ள ஜெனீவாவைத் தளமாகக் கொண்ட புவி அவதானிப்புக் குழுவை அமைத்ததும் அதற்கு அடுத்த வருடம், 2005இல்.

சரி, இதில் உங்கள் பிள்ளைக்கு என்ன இடம்?

முன்பு செய்மதிப் படம் என்றால் காசு. அமெரிக்காவின் லான்ட்சாட் செய்மதிப் படம் ஒன்றுக்கு 600 டொலர் கொடுத்த காலம் இருந்தது. 2008இல் அதை இலவசமாக்கினார்கள். பிறகு ஐரோப்பாவின் சென்டினல் செய்மதிகள் வந்தன, அவற்றின் படங்களும் இலவசம். சென்டினல் 2 இன் படத்தில் ஒரு புள்ளி தரையில் 10 மீற்றர். ஏறத்தாழ ஐந்து நாளைக்கு ஒரு முறை நம் ஊருக்கு மேலால் போகிறது. ஆக இன்று படத்துக்குப் பஞ்சமில்லை. வாசிக்கத் தெரிந்த ஆளுக்குத்தான் பஞ்சம்.

இந்த இடத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், உங்கள் கேள்விக்கான பதில் இங்கேதான் இருக்கிறது. மாரி காலத்தில் நம் வானம் முழுக்க முகில். சாதாரணப் படத்தில் வெள்ளைப் பஞ்சைத் தவிர ஒன்றும் தெரியாது. அதனால் வெள்ளம் பார்க்க ராடார் செய்மதியைப் பயன்படுத்துவார்கள். அது தானே அலையை அனுப்பி, திரும்பி வருவதை வைத்துப் படம் எடுப்பதால் முகிலுக்குள்ளாலும் பார்க்கும், இரவிலும் பார்க்கும். அமைதியான தண்ணீர் ராடார் அலையை வேறு பக்கம் தெறிக்க வைத்துவிடுவதால் தண்ணீர் கிடக்கும் இடம் படத்தில் கறுப்பாகத் தெரியும். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு மாவிலாறு அணை உடைந்து மூதூர்ப் பக்கம் தண்ணீருக்குள் போனதே, அப்படியான நேரத்தில் இந்தக் கறுப்பை வைத்துத்தான் எந்த ஊருக்கு முதலில் படகு அனுப்புவது என்று பார்ப்பார்கள். பேரனர்த்தம் வந்தால் செய்மதி வைத்திருக்கும் நாடுகள் இலவசமாகப் படம் கொடுக்க 2000ஆம் ஆண்டிலிருந்து ஒரு சாசனமே இருக்கிறது.

ஆனால் தம்பலகாமத்தில் பெரும்போகத்துக்கு உழுது தண்ணீர் கட்டிய வயலும் அதே கறுப்பாகத்தான் தெரியும். ஐரோப்பாவில் கணினிக்கு முன்னால் இருப்பவருக்கு அது வெள்ளமா, விதைப்புக்குத் தயாரான வயலா என்று எப்படித் தெரியும்? கந்தளாய்க் குளத்துத் தண்ணீர் எப்போது திறப்பார்கள், எந்தத் தரவை நிலம் எந்த மாதம் காயும் என்று தெரிந்த ஒருவர் படத்தின் முன்னால் இருக்க வேண்டும். சம்பளம் அந்த ஆளுக்குத்தான்.

யார் தருவார்கள் என்று கேட்டீர்கள். "பூமிச் சூழலைக் கண்காணிப்பவர் தேவை" என்று வர்த்தமானியில் ஒருநாளும் வராது. வேறு பெயர்களில் வரும். வளிமண்டலவியல் திணைக்களம், நில அளவைத் திணைக்களம், நீர்ப்பாசனம், அனர்த்த முகாமைத்துவ நிலையம், கடல் வளத்தை ஆராயும் நாரா, மத்திய சுற்றாடல் அதிகாரசபை, எல்லா இடத்திலும் இந்த வேலை இருக்கிறது. பத்தரமுல்லையில் இருக்கும் சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவனம் வெள்ளப் படங்களில் நன்றாக வேலை செய்கிறது. மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்: அரச இடங்கள் கொஞ்சம், விளம்பரம் வர வருடக்கணக்காகும். தொண்டு நிறுவன, ஐ.நா. வேலைகளில் சம்பளம் நல்லது, ஆனால் திட்டம் முடிந்தால் வேலையும் முடியும். ஓய்வூதியத்தோடு ஆசிரியர் வேலை என்று நீங்கள் நினைப்பதில் பிழை எதுவும் இல்லை. அந்த நிம்மதி இதில் முதல் ஐந்து வருடம் கிடைக்காது.

படிப்பு என்று பார்த்தால், மகள் கணிதப் பிரிவு. பொறியியலுக்குப் பல்கலைக்கழக அனுமதிக்கான இசட் புள்ளி போதாது என்று அழத் தேவையில்லை. சப்ரகமுவ பல்கலைக்கழகத்தில் புவியளவையியல் பீடம் இருக்கிறது, நில அளவை விஞ்ஞானம் படிக்கலாம். அது இருக்கும் பெலிகுல்ஓயா தூரம்தான், குளிரும். ஆனால் அங்கே நம் பிள்ளைகள் போய்ப் படித்து வந்திருக்கிறார்கள். அது கிடைக்காவிட்டால் பௌதிகவியலும் கணிதமும் உள்ள சாதாரண விஞ்ஞானப் பட்டம் போதும், யாழ்ப்பாணமாக இருந்தாலும் சரி. விண்ணப்பத்தில் விருப்ப வரிசை போடும்போது எல்லாரும் போடுவதைப் பார்த்துப் போட வேண்டாம், என்னிடம் ஒருமுறை காட்டுங்கள். பக்கத்து வீட்டுத் தங்கச்சி கலைப் பிரிவு என்றாளே, புவியியல் படித்தும் இதற்குள் வரலாம் என்று அவளுக்கும் சொல்லுங்கள்.

பட்டம் முடித்தபின் இந்தியாவில் டேராடூனில் ஐ.நா.வோடு இணைந்த ஒரு விண்வெளிக் கல்வி நிலையம் இருக்கிறது, 1995இலிருந்து நடக்கிறது. தொலையுணர்வில், அதாவது செய்மதி போன்றவற்றால் தூரத்திலிருந்தே பூமியை ஆராயும் படிப்பில், ஒன்பது மாதப் பட்டப்பின் டிப்ளோமா, ஆசிய பசிபிக் நாட்டுப் பிள்ளைகளுக்கு உதவித்தொகையோடு. கடல்தான் பிடிக்கும் என்றால் ஹைதராபாத்திலும் ஒரு பயிற்சி நிலையம் உண்டு. இவையெல்லாம் நாலைந்து வருடத்துக்குப் பிறகு. இப்போதைக்குப் பெயரை மட்டும் ஒரு மூலையில் எழுதி வையுங்கள்.

இப்போது ஒன்றையும் காசு கொடுத்துப் படிக்க வேண்டாம். இது என் சொந்தப் பிழையிலிருந்து சொல்வது. சில வருடங்களுக்கு முன் ஒரு பையனை, நல்ல விளம்பரத்தைப் பார்த்து நானே ஒரு தனியார் வகுப்புக்குப் போகச் சொன்னேன். தாய் நகையை அடகு வைத்துக் கட்டினார். கையில் கிடைத்த சான்றிதழை எந்தத் திணைக்களமும் ஏற்கவில்லை. அவன் கற்றதெல்லாம் இலவச மென்பொருள் ஒன்றில் வீட்டிலிருந்தே கற்றிருக்கக்கூடியவை. அந்தத் தாயை மார்க்கெட்டில் கண்டால் இன்றைக்கும் எனக்கு ஒரு மாதிரித்தான் இருக்கும்.

ஆங்கிலம் பற்றிப் பயந்தீர்கள். அந்தப் பயம் நியாயமானது. படங்கள் இருக்கும் தளங்கள், பாடங்கள், பல்கலைக்கழக விரிவுரை எல்லாம் ஆங்கிலம். பெறுபேறு வந்து பல்கலைக்கழகம் தொடங்கும் வரை கிடக்கும் மாதங்களை இதற்கே கொடுக்கட்டும். சிங்களமும் கொஞ்சம். அரச வேலையில் இரண்டாம் மொழித் தேர்ச்சி இல்லாமல் நிலைக்க முடியாது, அதை இப்போதே தொடங்கினால் பிறகு தலையிடி இல்லை.

இடையில் ஒரு விஷயம். செய்மதி என்றால் நமக்குத் தூரத்துச் சங்கதி என்று நினைக்கிறீர்கள். பூமியோடு சேர்ந்து சுற்றும் செய்மதிகளால் உலகம் முழுவதும் தொடர்பு கொள்ளலாம் என்று 1945இலேயே எழுதிய ஆர்தர் சி. கிளார்க், பிறகு இலங்கையிலேயே வந்து குடியிருந்தவர். நம் கோணேசர் மலை அடியில் கடலுக்குள் மூழ்கிப் பழைய கோயிலின் இடிபாடுகளைப் பார்த்ததும் அவர்தான். அண்ணையிடம் கேளுங்கள், அந்த இடம் அவருக்குத் தெரிந்திருக்கும்.

அண்ணையிடம் இன்னொரு வேலையும் இருக்கிறது. மகளிடம், சென்டினல் படங்களை இலவசமாகப் பார்க்கும் கோப்பர்நிக்கஸ் உலாவித் தளத்தைத் திறக்கச் சொல்லுங்கள், போனிலேயே திறக்கும், ஆனாலும் யாரிடமாவது மடிக்கணினி வாங்கினால் நல்லது. கொட்டியாரக்குடாவில் மகாவலி வந்து விழும் இடத்தின் படத்தை எடுக்கட்டும். 2016இலிருந்து ஒவ்வொரு வருடமும் முகில் இல்லாத ஆடி மாதத்துப் படம் ஒன்று. மணல் திட்டு எங்கே இருந்து எங்கே நகர்ந்திருக்கிறது என்று கோடு போடட்டும். பிறகு அப்பாவைப் பக்கத்தில் இருத்தி, எந்த வருடம் எங்கே படகு தட்டியது என்று கேட்டு, அவர் சொல்வதைக் கோட்டுக்குப் பக்கத்தில் எழுதட்டும். இரண்டும் பொருந்தாத இடங்களைக் கட்டாயம் குறிக்க வேண்டும், நான் முதலில் பார்க்கப் போவது அதைத்தான்.

அடுத்த மாதம் வரும்போது அதையும், பல்கலைக்கழக அனுமதிக் கைநூலையும் கொண்டு வாருங்கள். முடிந்தால் அண்ணையையும்.