துபாய்க்குப் பேச விபிஎன் எதற்கு?

கேள்வி: என் மகன் துபாயில் வேலை பார்க்கிறான். வாட்ஸ்அப்பில் மெசேஜ் போகிறது, போன் மட்டும் போகவில்லை. ‘அன்லிமிடெட்’ பேக் இருந்தும், சாதாரணமாகக் கூப்பிட்டால் மாதம் 800 ரூபாய்க்கு மேல் ஆகிறது. 500 ரூபாய் கொடுத்தால் என் போனில் விபிஎன் போட்டுத் தருவதாகவும், பிறகு வாட்ஸ்அப்பிலேயே இலவசமாகப் பேசலாம் என்றும் எங்கள் ஊர் செல்போன் கடைக்காரர் சொல்கிறார். போடலாமா?
– வாசகி, பட்டுக்கோட்டை

பதில்: வேண்டாம் அம்மா. விபிஎன் என்பது உங்கள் இணையப் போக்குவரத்தை வேறொருவரின் சர்வர் வழியாகச் சுற்றிவிடும் செயலி. உங்கள் போனில் அதைப் போட்டு ஒரு பிரயோசனமும் இல்லை. தடை இருப்பது அமீரகத்து நெட்வொர்க்கில். அங்கே அனுமதி பெற்ற செயலிகளில் மட்டும்தான் இணையம் வழியாகப் பேசலாம். வாட்ஸ்அப்பில் எழுதலாம், படம் அனுப்பலாம், குரலைப் பதிவு செய்தும் அனுப்பலாம். அழைப்பு மட்டும் கிடையாது. பூட்டு துபாயில் தொங்க, பட்டுக்கோட்டையில் சாவி விற்கிறார் உங்கள் கடைக்காரர்.

வேலை செய்யவில்லை என்று நீங்கள் போய் நின்றால், “தம்பியையும் போடச் சொல்லுங்க” என்பார். ஆபத்தே அங்கேதான். சட்டம் தடுத்த காரியத்தைச் செய்யவோ மறைக்கவோ விபிஎன்னைப் பயன்படுத்தினால், அமீரகத்தின் 2021-ஆம் ஆண்டு இணையக் குற்றச் சட்டப்படி சிறை, அல்லது 5 லட்சம் முதல் 20 லட்சம் திர்ஹம் வரை அபராதம், அல்லது இரண்டும். கடைக்காரரா வந்து கட்டப்போகிறார்?

“ஆபீஸ்ல எல்லாரும்தானே வச்சிருக்காங்க” என்று மகன் சொல்லக்கூடும். அது உண்மைதான். கம்பெனிகளும் வங்கிகளும் தங்கள் உள் நெட்வொர்க்கை அடைய விபிஎன் வைத்துக்கொள்ளலாம். அந்நாட்டுத் தொலைத்தொடர்பு ஆணையமே அப்படிச் சொல்லியிருக்கிறது. ஆனால் அந்த அனுமதி கம்பெனி வேலைக்கு. வேலை முடிந்ததும் அதே லேப்டாப்பில், அதே இணைப்பில் வாட்ஸ்அப் திறந்து அம்மாவிடம் பேசினால் அது கம்பெனி வேலை ஆகாது. லேப்டாப் கம்பெனியுடையது, சம்பளமும் கம்பெனி தருகிறது, அதனால் பரவாயில்லை என்ற வாதமும் செல்லாது. மகனிடம் இதை அழுத்திச் சொல்லுங்கள்.

சரி, எப்படித்தான் பேசுவது? அனுமதி பெற்ற பாட்டிம் போன்ற செயலியை இருவரும் போட்டுக்கொள்ளுங்கள். தனி இன்டர்நெட் காலிங் பேக் வேண்டுமா என்பதை மகன் தன் சிம் கம்பெனியிடமே கேட்கட்டும், ஏஜென்ட்டிடம் வேண்டாம். ஜூம், கூகுள் மீட் இரண்டும்கூட அங்கே அனுமதிப் பட்டியலில் வந்தவைதான். ஜூமின் இலவசக் கணக்கில் 40 நிமிடத்தில் கட் ஆகும், மறுபடி கூப்பிட்டுக்கொள்ளலாம். ஆபீஸ் மீட்டிங்குக்குத் திறந்துவிட்ட வழியை அம்மாவும் பிள்ளையும் பேசுகிற வாட்ஸ்அப்புக்கு ஏன் திறக்கக் கூடாது என்று கேட்டால், பதில் சொல்ல ஆள் இல்லை.

இணையம் சரியில்லாத நாளில் நீங்கள் கூப்பிடாதீர்கள், மகன் கூப்பிடட்டும். அங்குள்ள பல பேக்குகளில் வெளிநாட்டுக்கும் பேசும் நிமிடங்கள் சேர்ந்தே வருகின்றன. நீங்கள் இங்கே இருக்கும்வரை உங்களுக்கு வரும் அழைப்புக்குக் காசில்லை. உங்கள் ‘அன்லிமிடெட்’ இந்தியாவுக்குள் மட்டும்தான்; ஐஎஸ்டிக்குத் தனிக் கட்டணம். இதைப் பெரிய எழுத்தில் போட நம் கம்பெனிகளுக்கு ஏனோ மனம் வருவதில்லை.

தெரியாத வெளிநாட்டு எண்ணிலிருந்து ஒரே ஒரு ரிங் வந்து நின்றால், மகன்தானோ என்று திருப்பிக் கூப்பிடாதீர்கள். அப்படிக் கூப்பிட வைத்துக் காசு பறிப்பதற்கென்றே ஒரு கூட்டம் இருக்கிறது. துபாய் எண் +971 என்று தொடங்கும். அப்படித் தொடங்கினாலும், உங்களிடம் பதிவாகியிருக்கும் மகனுடைய எண்தானா என்று பாருங்கள்.

கடைக்காரர் ஏற்கெனவே விபிஎன்னை ஏற்றியிருந்தால் இன்றே நீக்கிவிடுங்கள். அதே போனில்தானே ஜிபேயும் வைத்திருப்பீர்கள்? ஊர் பேர் தெரியாத விபிஎன் வழியாக உங்கள் இணையப் போக்குவரத்து முழுவதும் போக வேண்டியதில்லை.