காப்புறுதியில் பெயர் மாற்றத் தம்பியின் கையெழுத்து வேண்டுமா?

கேள்வி: நான் கோப்பாயில் வசிக்கும் ஆசிரியை. 2011 இல், கலியாணத்துக்கு முன்னர், என் பெயரில் ஆயுள் காப்புறுதி எடுத்தேன். பின்னுரித்தாளியாக, அதாவது நான் இறந்தால் பணத்தைப் பெறுபவராக, தம்பியின் பெயரைக் கொடுத்தேன். 2014 இல் கலியாணம் நடந்தது. இப்போது எட்டு வயதில் மகள் இருக்கிறாள், தம்பி கனடாவில். மகளின் பெயரைப் போட விரும்புகிறேன். தம்பியின் சம்மதக் கடிதம் வேண்டும் என்கிறார் முகவர். நாலு வருடமாகத் தவணைப்பணம் தன் கணக்கிலிருந்து போவதால் மாற்றும் உரிமை தனக்குத்தான், யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைப்படி தன் கையெழுத்து இல்லாமல் ஒன்றும் செய்ய ஏலாது என்கிறார் கணவர். பத்திரம் இப்போது வீட்டுக் கடனுக்காக வங்கியில் இருக்கிறது. யார் சொல்வது சரி?

பதில்: அன்புள்ள சகோதரி, பெயரை மாற்றக்கூடியவர் நீங்கள்தான். ஆனால் கடைசியாக ஒரு வரியில் சொல்லிவிட்டுப்போன வங்கி விடயத்தைத்தான் கவனமாகப் பார்க்க வேண்டும். அதற்கு வருகிறேன்.

காப்புறுதி என்பது நிறுவனத்துக்கும் பத்திரத்தின் சொந்தக்காரருக்கும் இடையிலான ஒப்பந்தம். பத்திரத்தின் முதற்பக்கத்தில் இரண்டு விடயம் இருக்கும்: காப்புறுதிதாரர் யார், யாருடைய உயிருக்குக் காப்புறுதி. உங்கள் விடயத்தில் இரண்டும் நீங்களே. கணவர் தன் பெயரில் ஒப்பந்தம் செய்து உங்கள் உயிரைக் காப்புறுதி செய்திருந்தால் கதை வேறு, அப்போது பெயர் மாற்றுபவர் அவர்தான்.

தம்பியின் பெயர் அதில் இருப்பதால் அவருக்கு இன்று எந்த உரிமையும் வந்துவிடவில்லை. நீங்கள் உயிரோடு இருக்கும்வரை அது வெறும் எதிர்பார்ப்பு. சம்மதம் கேட்க வேண்டி வருவது, மாற்ற முடியாத பயனாளியாக அவரை எழுதியிருந்தாலோ, பத்திரத்தையே அவருக்கு எழுதிக் கொடுத்திருந்தாலோதான். முகவரோடு வாதாட வேண்டாம். சம்மதக் கடிதம் வேண்டும் என்று பத்திரத்தின் எந்த நிபந்தனை சொல்கிறது என எழுத்தில் கேளுங்கள்.

கணவர் சொல்வதில் இரண்டு விடயம் கலந்திருக்கிறது. தவணையைக் கட்டுகிறவர் பத்திரத்தின் சொந்தக்காரர் ஆகிவிடமாட்டார். அண்ணன் காசு அனுப்பி அம்மாவின் தவணையைக் கட்டுகிற வீடுகள் நம் ஊரில் எத்தனை! அதற்காக அம்மாவின் பத்திரம் அண்ணனுடையதாகிவிடுமா? தேடியதேட்டம், அதாவது கலியாணத்துக்குப் பின் தேடிய சொத்து, என்ற வகையில் அந்தப் பணத்தில் தனக்கும் பங்கு இருக்கிறது என்று அவர் ஒருநாள் வாதாடலாம். அது மாவட்ட நீதிமன்றம் தீர்க்க வேண்டிய பணக் கணக்கு. அதை வைத்து இன்று உங்கள் படிவத்தில் அவர் கையெழுத்துப் போட முடியாது.

தேசவழமைப் பேச்சு எங்கிருந்து வருகிறது என்பது எனக்கு விளங்குகிறது. காணி உறுதி முடிக்கும்போது நொத்தாரிசு கணவரின் சம்மதத்தைக் கேட்பதைப் பார்த்தே நம் பெண்கள் வளர்கிறார்கள். 1911 ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், வழியுரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி, தேசவழமைக்கு உட்பட்ட மனைவி தன் அசையாச் சொத்தைக் கைமாற்றக் கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். அசையும் சொத்துக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. காப்புறுதிப் பத்திரம் காணியும் இல்லை, வீடும் இல்லை. காணிக்கான சட்டத்தைக் காட்டி, சொந்தச் சம்பளத்தில் எடுத்த பத்திரத்தைக்கூடப் பெண்கள் தொடப் பயப்படுவதைப் பார்க்கும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை.

சரி, வங்கி. பத்திரத்தை வெறுமனே வைத்திருக்கக் கொடுத்தீர்களா, அல்லது அதன் உரிமையையே வங்கிக்கு எழுதிக் கொடுத்து, அது காப்புறுதி நிறுவனத்தின் புத்தகத்திலும் பதிவாகியிருக்கிறதா? இரண்டாவது என்றால், பணத்தில் வங்கிக்குத்தான் முதலிடம், மிச்சம்தான் வீட்டுக்கு. அந்த நிலையில் பெயரை மாற்ற வங்கியின் கடிதம் இல்லாமல் நிறுவனம் அசையாது. கடன் கட்டி முடிந்ததும் விடுவிப்புக் கடிதத்தை வாங்கி நிறுவனத்தில் பதிய வேண்டும். பலர் இதை மறந்து, தீர்ந்துபோன கடனுக்காகப் பத்திரத்தை வங்கியின் பெயரிலேயே விட்டுவிடுகிறார்கள். வங்கிக்கு எழுதிக் கொடுத்தபோது தம்பியின் பெயர் என்ன ஆனது, இன்று பதிவில் யார் இருக்கிறார் என்றும் நிறுவனத்திடம் கேளுங்கள்.

அடுத்தது மகள். நம் நாட்டில் பராயம் அடையும் வயது 18. எட்டு வயதுப் பிள்ளையின் கையில் யாரும் காசு கொடுக்கமாட்டார்கள், அவளுக்காகப் பெற வளர்ந்த ஒருவரின் பெயரும் வேண்டும். எழுதாமல் விட்டால் அநேகமாக அது தகப்பனின் கைக்குப் போகும், தகராறு வந்தால் நீதிமன்றத்துக்குப் போகும். கணவரில் நம்பிக்கை இருந்தால் அவரையே எழுதுங்கள். இல்லையென்றால் நீங்கள் நம்பும் இன்னொருவரை எழுதுங்கள். இதை மனத்தாங்கலில் முடிவு செய்யாதீர்கள், இரண்டு நாள் யோசியுங்கள். ஒருவருக்கு மேல் எழுதினால் வீதத்தையும் குறிப்பிடுங்கள்.

மரணசாதனத்தில் எழுதிவிட்டால் போதாதா என்று சிலர் கேட்பார்கள். அதற்கு நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும், அல்லது ஐந்து சாட்சிகள் வேண்டும். அப்படிச் செய்தாலும் நிறுவனம் முதலில் பார்ப்பது தன் பதிவைத்தான். அதில் தம்பியின் பெயர் இருந்தால் உங்கள் மகள் வழக்கோடுதான் நிற்க வேண்டி வரும். கலியாணம் முன்னைய மரணசாதனத்தை ரத்தாக்கும் என்பது உண்மை, ஆனால் அதுபோலக் காப்புறுதிப் பெயரும் தானாக மாறியிருக்கும் என்று இருந்துவிடாதீர்கள்.

சில வருடங்களுக்கு முன் ஒரு தாய் என்னிடம் வந்தார். மகன் இறப்பதற்கு மூன்று மாதம் முன்பே பெயர்மாற்றப் படிவத்தில் கையெழுத்து வைத்து முகவரிடம் கொடுத்திருந்தான். படிவம் கிளைக்கே போகவில்லை. பணம் பழைய பெயருக்குப் போனது. இறந்த பிறகு பெயரை மாற்ற எவராலும் முடியாது, நானும் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன்.

ஆகவே படிவத்தை நீங்களே கிளையில் கொடுத்து, திகதியோடு முத்திரை குத்திய பிரதியை வாங்குங்கள். மாற்றம் பதிவானதாக உறுதிக் கடிதம் வரும்வரை விடாதீர்கள். தம்பியின் கடிதத்தைக் கேட்டுக் காரணமில்லாமல் இழுத்தடித்தால் தலைமை அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் எழுதுங்கள். அதுவும் சரிவராவிட்டால் காப்புறுதி முறைப்பாடுகளை விசாரிக்கும் ஒம்புட்ஸ்மனிடமோ, 2000 ஆம் ஆண்டின் 43 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் இயங்கும் காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவிடமோ முறையிடலாம். முதலில் வங்கிக்குப் போய், நீங்கள் கையெழுத்திட்டுக் கொடுத்த பத்திரங்களின் பிரதியைக் கேட்டு வாங்குங்கள்.