பிள்ளைக்குக் காய்ச்சல், பள்ளி மூடல்: வேலையை விட்டுவிடலாமா?

கேள்வி: வணக்கம் அண்ணா. மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் குடியிருக்கிறோம். எனக்கு 35 வயது. ஒரு தொழிற்சாலையில் ஆறு வருடமாகக் காலை ஷிப்ட், அடிப்படைச் சம்பளம் 1,700 வெள்ளி (ரிங்கிட்). வீட்டுக்காரர் செம்பனைக் குலை வெட்டுகிறார். பிள்ளைகள் தமிழ்ப்பள்ளியில் இரண்டாம் ஆண்டும் ஐந்தாம் ஆண்டும் படிக்கிறார்கள். ஃப்ளூ பரவுகிறது என்று பள்ளியை ஒரு வாரம் மூடிவிட்டார்கள், சின்னவனும் படுத்துவிட்டான், இன்னும் ஒரு வாரம் இழுக்கும்போல. மாமியாருக்கு இனிப்புநீர் (சர்க்கரை நோய்), அதனால் காய்ச்சல்கார பிள்ளையை அவரிடம் விடப் பயம். எனக்கு ஆண்டு விடுப்பு நான்கு நாள்தான் மிச்சம். வேலையை விட்டுவிட்டு இபிஎஃப் சேமநிதியில் 2,000 வெள்ளி எடுத்துச் சமாளி என்கிறார் கூட வேலை செய்யும் அக்கா. கார் தவணை 480 வெள்ளி. வீட்டிலிருந்தே படிக்கும் இல்லிருப்புக் கற்றலுக்கு டேப்லெட் வேறு தவணையில் எடுக்கலாமா என்று யோசிக்கிறேன். என்ன செய்வது?

பதில்: தங்கச்சி, ராஜினாமா கடிதம் எழுதி வைத்திருந்தால் முதலில் அதைக் கிழித்துப் போடுங்கள். அப்புறம் ஒரு பேனாவை எடுங்கள், கணக்குப் பார்ப்போம்.

1,700ஐ 26ஆல் வகுத்தால் ஒரு நாள் சம்பளம் சுமார் 65 வெள்ளி. இரண்டு வாரம் என்றால் பத்து வேலை நாள், அதில் நான்கு நாள் விடுப்பு இருக்கிறது, மீதி ஆறு நாள் சம்பளமில்லா விடுப்பு என்று வைத்தாலும் 392 வெள்ளிதான் போகிறது. ஓவர்டைமும் போகுமே என்பீர்கள், சரி, 500 வெள்ளி என்றே வைத்துக்கொள்ளுங்கள். இந்த 500 வெள்ளிக்காகத்தான் மாதம் 1,700 வரும் வேலையை விடலாமா என்று கேட்கிறீர்கள். அந்தச் சம்பளத்தோடு முதலாளி உங்கள் இபிஎஃப்பில் போடும் 221 வெள்ளியும் சேர்ந்துதான் நிற்கும், அதை யாருமே கணக்கில் சேர்ப்பதில்லை.

இன்னொரு வேடிக்கை. ஐந்து வருடத்துக்கு மேல் வேலை செய்தவர், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் ஒழிய, 8 வாரம் நோட்டீஸ் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் அதற்கு ஈடான பணத்தைக் கட்ட வேண்டும். பையனின் காய்ச்சல் இரண்டு வாரத்தில் இறங்கிவிடும், உங்கள் நோட்டீஸ் அதற்குப் பிறகும் ஆறு வாரம் ஓடிக்கொண்டிருக்கும். அதோடு, நீங்களாக விலகினால் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவின் வேலை இழப்புக் காப்புறுதியில் ஒரு காசும் வராது. தொழிற்சாலை உங்களை ஆட்குறைப்பு செய்தால் கதை வேறு. அப்போது 60 நாளுக்குள் மனு போடுங்கள், முதல் மாதம் சம்பளத்தில் 80 சதவீதம் வரை கிடைக்கும்.

இபிஎஃப் விஷயத்தில் அந்த அக்கா சொன்னது பாதிதான் சரி. வேலையை விட்டால் மொத்தப் பணமும் கைக்கு வந்துவிடாது. 2024 மே மாதத்திலிருந்து மூன்று கணக்காகப் பிரித்திருக்கிறார்கள், நினைத்தபோது எடுக்க முடிவது அக்காவுன் ஃப்ளெக்சிபல் என்ற நெகிழ்வுக் கணக்கு மட்டும்தான், அதை வேலையில் இருந்துகொண்டே எடுக்கலாம். உங்கள் சம்பளத்துக்கு அதில் மாதம் சேர்வது ஏறக்குறைய 40 வெள்ளி. 2,000 எடுத்தால் நான்கு வருடச் சேமிப்பு காலி. வருடம் 5 சதவீதம்தான் லாபஈவு என்று குறைத்தே வைத்தாலும் (2024க்குக் கொடுத்தது 6.30), அந்த 2,000 உங்களுக்கு 55 வயதாகும்போது 5,300 வெள்ளியாக நிற்க வேண்டிய பணம். 2020இல் கொரோனா நேரத்தில் இபிஎஃப்பிலிருந்து எடுக்க விட்ட ஐ-லெஸ்தாரி திட்டம் வந்தபோது மாதம் 500 என்று எடுத்துச் செலவழித்த என் சொந்தக்காரர்கள் சிலரிடம் அது எதற்குப் போனது என்று இப்போது கேட்டால், பதில் வருவதில்லை.

சரி, அந்த 500க்கு வழி? பணத்துக்கு அலைவதற்கு முன் ஷிப்ட்டை மாற்ற முடியுமா என்று பாருங்கள். வீட்டுக்காரர் விடியற்காலை பெரட்டுக்கு (வேலைக்கு முன் ஆள் கணக்கெடுப்பு) போனால் மத்தியானம் திரும்பிவிடுவார் அல்லவா? யாரிடமாவது பேசி இரண்டு வாரத்துக்கு மட்டும் மதிய ஷிப்ட்டுக்கு மாறிக்கொண்டால், காலையில் நீங்கள், மாலையில் அவர். பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும். நெகிழ்வு வேலை நேரத்துக்குச் சட்டப்படி எழுதிக் கேட்கவும் உரிமை உண்டு, ஆனால் முதலாளி பதில் சொல்ல 60 நாள் அவகாசம், அதற்குள் பையன் பந்து விளையாடிக்கொண்டிருப்பான். அதனால் சூப்பர்வைசரிடம் நேரிலேயே பேசுங்கள். மறந்தும் சொல்லாமல் நின்றுவிடாதீர்கள், தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் காரணம் சொல்லாமல் வராவிட்டால் ஒப்பந்தத்தை மீறியதாகிவிடும்.

உங்களுக்கே காய்ச்சல் வந்தால் அது எம்.சி., அதாவது மருத்துவ விடுப்பு, ஆண்டு விடுப்பில் கழிக்கக் கூடாது. ஆறு வருடம் வேலை செய்த உங்களுக்கு வருடத்துக்கு 22 நாள் சம்பளத்தோடு மருத்துவ விடுப்பு உண்டு. அரசாங்கக் கிளினிக்கில் ஒரு வெள்ளி கட்டிப் பார்த்து, 48 மணி நேரத்துக்குள் தகவல் சொல்லிவிடுங்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று எடுக்கத் தனியார் வேலையில் அப்படி ஒரு விடுப்பு சட்டத்தில் இல்லை. எனக்கும் அது நியாயமாகப் படவில்லை, ஆனால் இன்றைக்கு நிலைமை அதுதான்.

டேப்லெட் வேண்டாம். இரண்டு வாரப் பாடத்துக்கு ஒரு வருடத் தவணையா? உங்களில் யார் வீட்டில் இருக்கிறீர்களோ அவர் கைப்பேசி போதும், ஆசிரியரிடம் பயிற்சித் தாள் கேட்டாலும் கொடுப்பார்கள்.

கார் தவணையை முதலில் எடுத்து வையுங்கள். அப்படியும் முடியவில்லை என்றால் தேதி தாண்டுவதற்கு முன்பே வங்கிக்குப் போன் போடுங்கள். 2020இல் கொரோனா நேரத்தில் வங்கிகளே ஆறு மாதம் தள்ளி வைத்தார்கள், இப்போது நாம் கேட்டால்தான் உண்டு.

இவ்வளவும் செய்து இன்னும் குறைந்தால், ஒரு சங்கிலியை உரிமம் உள்ள அடகுக் கடையில் வையுங்கள். நான் நகையை அடகு வைக்கச் சொல்கிற ஆள் இல்லை, ஆனால் இந்த நேரத்துக்கு அதுதான் மலிவு: சட்டப்படி மாதம் 2 சதவீதத்துக்கு மேல் வட்டி வாங்க முடியாது, 500க்குப் பத்து வெள்ளி, மீட்க ஆறு மாத அவகாசம். கந்துவட்டிக்கார ஆலோங் பக்கம் தலை வைத்தும் படுக்காதீர்கள், அடையாள அட்டையும் ஏ.டி.எம். கார்டும் அவன் கைக்குப் போனால் உங்கள் சம்பளமும் அவன் கைக்குத்தான் போகும்.

அடகுச் சீட்டை மட்டும் மாமியாரின் கிளினிக் புத்தகத்துக்குள் செருகி வைக்காதீர்கள். எங்கள் வீட்டில் அப்படித்தான் ஒரு முறை காணாமல் போய், மூன்று நாள் தேடினோம்.