ஒரே டிவிடியில் 40 பகுதிகள்: முதலில் அம்மாவின் பிளேயரைப் பாருங்கள்

"டவுன்லோட் செய்த தொடரின் 40 பகுதிகள், ஒவ்வொன்றும் 20 நிமிடம். ஊரில் இருக்கும் அம்மாவுக்கு ஒரே டிவிடியில் போட்டு அனுப்ப வேண்டும். மென்பொருளோ இரண்டு மணி நேரத்துக்கு மேல் எடுக்கவில்லை" என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் கொழும்பில் வேலை, அம்மா மலையகத்துத் தேயிலைத் தோட்டத்தில், வீட்டில் பழைய டப்பா டிவி என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

ஸ்மார்ட் டிவி வாங்கிக் கொடு, யூடியூப் போட்டுக் கொடு என்று யாராவது எழுத வருவார்கள். மஸ்கெலியாவுக்கு மேலே எங்கள் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், ஒரு மூலையில் நின்றால்தான் போனுக்கு சிக்னல் வரும். எழுபது தாண்டிய மனுஷியை அந்த மூலையில் நின்று தொடர் பார்க்கச் சொல்ல முடியாது.

இதே வேலையை நான் என் அப்பாயிக்காக (அப்பாவின் அம்மா) செய்தேன். அதற்கு முன் சித்தப்பா டவுனில் ஒரு கடையில் கொடுத்திருந்தார். ஒரு டிஸ்கில் இரண்டு மணி நேரம்தான் பிடிக்கும் என்று சொல்லி, ஒரு கட்டு டிஸ்கைக் கொடுத்து ஒவ்வொன்றுக்கும் காசு வாங்கிவிட்டார்கள். உங்கள் மென்பொருள் சொல்வதும் அதுதான். அது பொய் இல்லை, பாதி உண்மை.

டிவிடியில் இரண்டு விதமாகப் போடலாம். டிவிடி வீடியோ என்ற முறையில் எல்லாம் எம்பெக்-2 என்ற பழைய வீடியோ வடிவமாக மாறும். எந்தப் பிளேயரிலும் ஓடும், ஆனால் இடத்தை விழுங்கும். இரண்டு மணி நேரம் என்றால் ஒரு நொடிப் படத்துக்கு 5 மெகாபிட் (5000 கிலோபிட்) இடம் கிடைக்கும், படம் நன்றாக இருக்கும். உங்களுடையது 800 நிமிடம். அதே 4.7 ஜிபியை அதற்குப் பங்கு போட்டால் சத்தத்தையும் சேர்த்து நொடிக்கு 780 கிலோபிட்தான். எம்பெக்-2க்கு அது காணாது.

மற்றது டேட்டா டிஸ்க். கோப்புகளை அப்படியே டிஸ்கில் எழுதுவது. இங்கேதான் அம்மாவின் பிளேயர் முக்கியம். அதன் முகப்பில் டிவ்எக்ஸ் என்ற அடையாளம் இருக்கிறதா என்று வீட்டில் யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். இருந்தால், எக்ஸ்விட் என்ற முறையில் சுருக்கிய ஏவிஐ கோப்புகள் ஓடும். நீங்கள் இறக்கியவை எம்பி4 என்றால் பெரும்பாலும் உள்ளே இருப்பது எச்.264 என்ற புதிய சுருக்கும் முறைதான். பழைய பிளேயர்களுக்கு அது புரியாது, பெயரை மட்டும் மாற்றிப் பயனில்லை, கோப்பையே எக்ஸ்விட்டுக்கு மாற்ற வேண்டும்.

அப்படி மாற்ற நான் பயன்படுத்தியது அவிடிமக்ஸ் என்ற மென்பொருள், இலவசம். வீடியோவுக்கு எக்ஸ்விட், ஆடியோவுக்கு எம்பி3 96 கிலோபிட், அகலம் 480. இரண்டு தடவை ஓடும் முறையில் ஒவ்வொரு பகுதிக்கும் வீடியோ அளவை 90 எம்பி என்று கொடுத்தால் கணக்கை அதுவே பார்த்துக்கொள்ளும். எக்ஸ்விட் அமைப்பில் க்யூபெல், ஜிஎம்சி என்று இருக்கும் இரண்டு தெரிவுகளையும் அணைத்து வையுங்கள், பிளேயர்கள் திணறுவது அவற்றில்தான். டிஸ்க் உறையில் 4.7 என்று போட்டிருந்தாலும் விண்டோஸ் கணக்கில் அது 4.38 ஜிபி. நான் சொன்ன அளவில் நாற்பதும் அதற்குள் அடங்கும். பேச்சு நிறைந்த குடும்பத் தொடருக்கு இது போதும். சண்டைக் காட்சி அதிகம் என்றால் கட்டம் கட்டமாகத் தெரியும், அப்போது இரண்டு டிஸ்காகப் பிரித்துவிடுங்கள். தரம் போய்விட்டது என்று சண்டைக்கு வருபவர்கள் பெரிய திரையில் பார்க்கிறவர்கள்.

கோப்புகளுக்கு 01, 02 என்று மட்டும் பெயர் வையுங்கள். தமிழில் வைத்தால் பல பிளேயர்கள் கட்டங்களாகத்தான் காட்டும். முன்னால் பூஜ்ஜியம் போடாவிட்டால் 2க்கு முன்னே 10 வந்து நிற்கலாம். அப்பாயிக்கு எழுத்து தெரியாது, இலக்கம் தெரியும். காலமெல்லாம் தேயிலைக் கொழுந்து நிறுக்கிற இடத்தில் தன் கிலோவைக் கண்ணால் பார்த்து, குறைத்து எழுதினால் கேட்டு வாங்கியவர். நடுவில் கரண்ட் போனாலும் மறுபடி வந்ததும் விட்ட இலக்கத்தை அவரே ரிமோட்டில் தேடிப் பிடித்துவிடுவார். யாரையும் கூப்பிட மாட்டார். எனக்கு அது பெரிய சந்தோஷம்.

டிஸ்கை லேப்டாப்பில், பேட்டரி நிறைந்திருக்கும்போது ரைட் செய்யுங்கள். பாதியில் கரண்ட் போனால் டிவிடி-ஆர் வீண்தான். வேகம் 4 அல்லது 8 போதும்.

அப்புறம், தபாலில் மட்டும் அனுப்பாதீர்கள். எங்கள் லயத்து வீடுகளுக்குத் தனி விலாசம் கிடையாது. எல்லாம் தோட்டத்து ஆபீசுக்குப் போய், அங்கிருந்து யாராவது கொண்டுவந்து தந்தால்தான் உண்டு. என் தங்கையின் நேர்முகத் தேர்வுக் கடிதம் தேர்வு முடிந்த பிறகு கைக்கு வந்தது. பரம்பரை பரம்பரையாக ஒரே இடத்தில் குடியிருக்கும் சனங்களின் கதவில் ஓர் இலக்கம் எழுதித் தர இன்னும் என்ன தடை என்று எனக்கு விளங்கவில்லை. கேள்விக்குச் சம்பந்தமில்லை என்பார்கள், சொல்லட்டும். உங்கள் டிஸ்கை ஹட்டன் பஸ்ஸில் வரும் தெரிந்தவர் கையில் கொடுத்துவிடுங்கள், கூடவே ஒரு பிரதியும் போட்டுக் கொடுங்கள்.