பேரனைத் தேடிப் பூட்டை உடைத்தோம். இப்போது எங்கள் மேலேயே போலீஸ் ரிப்போர்ட்

கேள்வி: செந்தூலில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறோம். மகனும் மருமகளும் வேலைக்குப் போனால் ஐந்து வயதுப் பேரனை நானும் என் கணவரும்தான் பார்த்துக்கொள்கிறோம். போன மாதம் ஒரு சனிக்கிழமை மாலை, எங்கள் மாடி நடைபாதையில் பிள்ளைகள் ஒளிந்து விளையாடியபோது அவனைக் காணவில்லை. காவலாளியிடம் சொன்னால், "24 மணி நேரம் ஆனால்தான் போலீஸ் ரிப்போர்ட் எடுப்பார்கள்" என்றார். ஆறாவது மாடியில் பூட்டிக் கிடந்த காலி வீட்டுக்குள் தட்டுகிற சத்தம் கேட்டதாக ஒரு பிள்ளை சொல்ல, என் கணவர் பூட்டை உடைத்து உள்ளே போய்ப் பார்த்தார். அங்கே இல்லை. ஐம்பது நிமிடம் கழித்து, பின்படிக்கட்டில் கீழ்த்தளக் கடைக்காரர் போட்டுவைத்திருந்த பழைய ஐஸ்கிரீம் ஃபிரீசருக்குள் மயங்கிக் கிடந்தான். ஓர் இரவு ஆஸ்பத்திரியில் இருந்தான். இப்போது உடம்புக்கு ஒன்றுமில்லை. ஆனால் லிஃப்ட்டில் ஏற மறுக்கிறான். காலி வீட்டுக்காரர் போலீஸ் ரிப்போர்ட் செய்துவிட்டு 1,800 வெள்ளி (ரிங்கிட்) கேட்கிறார். நிர்வாகமோ, பிள்ளையைக் கவனிக்காதது எங்கள் குற்றம், சிறார் சட்டத்தில் ஜெயில் என்கிறது. என் கணவருக்கு 71 வயது. வாக்குமூலம் கொடுக்க ஸ்டேஷனுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். என்ன செய்வது?
– வாசகி, செந்தூல்

பதில்: அம்மா, ஸ்டேஷனுக்குப் போகிற நாள் நெருங்குவதால் பெரியவர் விஷயத்தை முதலில் எடுக்கிறேன்.

அடுத்தவர் வீட்டுப் பூட்டை உடைப்பது சாதாரண நாளில் தப்புதான். ஆனால் அத்துமீறி நுழைந்தது குற்றம் என்று நிலைநாட்ட, மலேசியத் தண்டனைச் சட்டத்தின் 441ஆவது பிரிவு ஒரு கெட்ட எண்ணத்தைக் கேட்கிறது. குற்றம் செய்யவோ, வீட்டுக்காரரை மிரட்டவோ, அவமதிக்கவோ, தொந்தரவு கொடுக்கவோ நுழைந்திருக்க வேண்டும். பேரன் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டே உள்ளே போனவருக்கு இதில் எது இருந்தது?

பூட்டு உடைந்ததற்கு 81ஆவது பிரிவு இருக்கிறது. கெட்ட நோக்கம் இல்லாமல், நல்லெண்ணத்தோடு, ஒரு மனிதருக்கோ சொத்துக்கோ வரவிருக்கும் வேறொரு தீங்கைத் தடுப்பதற்காகச் செய்தால், அதனால் சேதம் வரும் என்று தெரிந்தே செய்திருந்தாலும், அந்த ஒரு காரணத்துக்காக அது குற்றமாகாது. இந்தியத் தண்டனைச் சட்டத்தைப் பார்த்து எழுதப்பட்டது நம் சட்டம். பிரிவுக்குக் கீழேயே கதை மாதிரி உதாரணமும் சொல்லிவிடும். இந்தப் பிரிவுக்கு வருகிற உதாரணம், ஊர் பற்றி எரியும்போது நெருப்பு பரவாமல் இருக்க அடுத்தவர் வீட்டை இடித்துப்போடுகிறவன். வீட்டையே இடித்தவனை விட்டுவிடுகிற சட்டம் பூட்டுக்காகப் பெரியவரை உள்ளே தள்ளப் பார்க்காது என்பது என் கணிப்பு.

"ஆனால் பிள்ளை அங்கே இல்லையே" என்று வீட்டுக்காரர் கேட்பார். பரவாயில்லை. ஆபத்து எவ்வளவு பெரியது, எவ்வளவு பக்கத்தில் நின்றது என்றுதான் 81 பார்க்கிறது. தேடியது கிடைத்ததா என்று பார்ப்பதில்லை. ஆனால் 'நல்லெண்ணம்' என்றால் மனசு சுத்தம் என்பது மட்டும் போதாது. உரிய கவனத்தோடு செய்யாத எதுவும் நல்லெண்ணத்தோடு செய்ததாகாது என்கிறது 52ஆவது பிரிவு. அதனால் வாக்குமூலத்தில் வர வேண்டியவை சின்னச் சின்ன விஷயங்கள்தான்: சத்தம் கேட்டதாகச் சொன்ன பிள்ளை யார், உடைக்கும் முன் கதவைத் தட்டினாரா, குரல் கொடுத்தாரா, வீட்டுக்காரருக்கு போன் போட யாரையாவது கேட்டாரா, உள்ளே எவ்வளவு நேரம் இருந்தார், எதையாவது தொட்டாரா, வெளியே வந்ததும் கதவைச் சாத்தினாரா. இன்றைக்கே உட்கார்ந்து இவற்றை ஒரு தாளில் எழுதிவைக்கச் சொல்லுங்கள்.

நம் பெரியவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. போலீஸ்காரர் முன் உட்கார்ந்ததும், "ஆத்திரத்துல ஒடச்சிட்டேன் சார்" என்று பணிவாக ஆரம்பிப்பார்கள். பதற்றத்தைத்தான் ஆத்திரம் என்கிறார்கள். அது மலாயில் 'மாரா' என்று எழுதப்பட்டுவிட்டால் கோபத்தில் உடைத்தார் என்றாகிவிடும். பயத்தில், பிள்ளை உள்ளே மூச்சு முட்டிக் கிடக்கிறான் என்று நம்பி உடைத்தேன் என்பதுதான் நடந்தது. அதையே சொல்லட்டும். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 112ஆவது பிரிவில் வாக்குமூலம் எடுத்தால், அவர் பேசிய மொழியிலேயே திரும்ப வாசித்துக் காட்டிய பிறகுதான் கையெழுத்து. தமிழில் பேசினால் தமிழில் வாசிக்கக் கேளுங்கள். தன்மேல் குற்றச்சாட்டு வர வைக்கும் கேள்விக்குப் பதில் சொல்லாமலிருக்கவும் அவருக்கு உரிமை உண்டு. கூட ஒரு வக்கீல் வந்தால் நல்லது.

1,800 வெள்ளி ஒரு பூட்டுக்கா என்று எனக்கும் மலைப்பாகத்தான் இருக்கிறது. பில்லைக் காட்டச் சொல்லுங்கள். பூட்டுக்கும் கதவில் பட்ட சேதத்துக்கும் உண்டான நியாயமான தொகையை, 'எங்கள் உரிமைகளுக்குப் பாதகமின்றி, குற்றத்தை ஒப்புக்கொள்ளாமல்' என்று எழுதிக் கொடுத்துவிடுவதே என் ஆலோசனை. சட்டப்படி கொடுத்தே ஆக வேண்டுமா என்று வாதாடலாம்தான். ஆனால் அதே கட்டடத்தில் அல்லவா தினமும் முகம் பார்க்க வேண்டும்.

அடுத்து, காவலாளி சொன்ன 24 மணி நேரக் கணக்கு. அப்படி எந்தச் சட்டமும் இல்லை. பிள்ளை காணாமல் போன நிமிடமே 999க்கு அழைக்கலாம், எந்த ஸ்டேஷனிலும் ரிப்போர்ட் செய்யலாம். மலேசியாவில் எங்கே நடந்த குற்றம் பற்றிய தகவலானாலும் வாங்கிக்கொள்வது போலீஸ் அதிகாரியின் கடமை என்று அதே குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 107ஆவது பிரிவு சொல்கிறது. 'இது எங்கள் ஏரியா இல்லை' என்று திருப்பி அனுப்பக் கூடாது. 2007இல் வங்சா மாஜுவில் இரவுச் சந்தைக்குப் போன எட்டு வயது நூரின் ஜஸ்லின் வீடு திரும்பவில்லை. காணாமல் போகும் பிள்ளைகளைப் பற்றி உடனே ஊருக்கு அறிவிக்கும் ஏற்பாட்டுக்கு 'நூரின் அலர்ட்' என்று பெயர் வந்தது அந்தப் பிள்ளையால்தான். அதற்குப் பிறகும் காவலாளிகள் 24 மணி நேரம் என்று சொல்லிக்கொண்டிருப்பது வயிற்றெரிச்சல்.

சரி, சிறார் சட்டம். நிர்வாகம் நீட்டுவது 2001ஆம் ஆண்டுச் சட்டத்தின் 33ஆவது பிரிவாக இருக்கும். தக்க ஏற்பாடு இல்லாமலோ, நியாயமற்ற நேரத்துக்கோ, நியாயமற்ற சூழ்நிலையிலோ பிள்ளையை விட்டுவிட்டுப் போனால் 20,000 ரிங்கிட் வரை அபராதம், ஐந்து ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். பெற்றோர் மட்டுமல்ல, அந்நேரத்தில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் தாத்தா பாட்டிக்கும் பொருந்தும். பயமுறுத்தக் கூடிய பிரிவுதான். ஆனால் நீங்கள் பிள்ளையை விட்டுவிட்டு எங்கும் போகவில்லை. வீட்டிலேயே இருந்தீர்கள், வாசல் நடைபாதையில் மற்றப் பிள்ளைகளோடு விளையாடவிட்டீர்கள், காணவில்லை என்றதும் தேடினீர்கள். கண் அப்பால் போன ஐந்து நிமிடத்தை இந்தப் பிரிவுக்குள் இழுத்துவருவது கஷ்டம். வழக்குத் தொடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வது அரசுத் தரப்பு வழக்கறிஞர். எம்சி (கட்டட நிர்வாகக் கழகம்) தலைவர் அல்ல.

இனி அந்த ஃபிரீசர். நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மூடியின் முன்பக்கம் இரண்டு திருகாணிகளில் ஒரு இரும்புக் கொண்டி, கீழே பெட்டியில் ஒரு வளையம். ராத்திரியில் ஐஸ்கிரீம் திருடு போகாமல் இருக்கக் கடைக்காரர்கள் போடுகிற பூட்டு ஏற்பாடு. மூடி விழுந்தால் கொண்டியும் தானாக விழுந்து வளையத்தில் மாட்டிக்கொள்கிறது. பூட்டே தேவையில்லை, உள்ளே இருக்கும் பிள்ளை எவ்வளவு தள்ளினாலும் திறக்காது. 1956இலேயே அமெரிக்காவில், வீட்டுக் குளிர்பெட்டிக் கதவு உள்ளிருந்து தள்ளினால் திறக்க வேண்டும் என்று தனிச் சட்டம் போட்டார்கள். பழைய பெட்டிகளுக்குள் ஒளிந்த பிள்ளைகள் அப்படிச் செத்துக்கொண்டிருந்தார்கள். இன்றைக்குக் கதவுகளில் கொக்கிக்குப் பதில் காந்தப் பட்டை வந்திருப்பது அதற்கப்புறம்தான். அதையெல்லாம் ஒரு கொண்டியும் இரண்டு திருகாணியும் இல்லாமல் ஆக்கிவிட்டன. மூடியின் ரப்பர் பட்டை ஒரு மூலையில் கிழிந்திருக்கிறது பாருங்கள். உங்கள் பேரனுக்குக் காற்று வந்த வழி அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

தேடியவர்கள் அந்தப் பெட்டியை நான்கு முறை கடந்து போனதாக எழுதியிருக்கிறீர்கள். கொண்டி மாட்டியிருந்ததால் யாரும் திறந்து பார்க்கவில்லை. உங்களைக் குறை சொல்லவில்லை, நானாக இருந்தாலும் அப்படித்தான் கடந்திருப்பேன். ஆனால் இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பிள்ளையைத் தேடும்போது முதலில் தண்ணீர்: நீச்சல் குளம், தொட்டி, சாக்கடை. அப்புறம் மூடி உள்ள எல்லாம்: ஃபிரீசர், வாஷிங் மெஷின், அலமாரி, பெரிய பயணப் பெட்டி, நிற்கிற கார்கள், அவற்றின் பின்பெட்டி. சாத்தியிருக்கிறதே என்று எதையும் விட வேண்டாம். ஒருவர் பார்த்த இடத்தை இன்னொருவர் மறுபடி பார்க்கட்டும். கூப்பிட்டுவிட்டு எல்லோரும் வாய் மூடி நின்று கேட்க வேண்டும். திட்டு விழும் என்று பயந்தோ, அசந்து தூங்கியோ, பிள்ளை பதில் சொல்லாமல் இருக்கலாம்.

இப்போது பொறுப்பு யாருக்கு? படிக்கட்டு பொதுச் சொத்து. அதைச் சரியாகப் பராமரிப்பது 2013ஆம் ஆண்டு அடுக்குமாடி நிர்வாகச் சட்டப்படி எம்சியின் கடமை. பொது இடத்தில் யாராவது சாமானைப் போட்டு வைத்தால் முன்னறிவிப்பு இல்லாமலே அகற்ற அவர்களுக்கு அதிகாரம் உண்டு. எட்டு மாதமாகப் பெட்டி அங்கேயே நின்றது என்கிறீர்கள். அதைத் தாண்டி நிர்வாக ஊழியர்கள் தினமும் போய்வந்திருப்பார்கள். பெட்டிக்காரர் என்ற முறையில் கடைக்காரருக்கும் பங்கு உண்டு.

எம்சி வக்கீல் 1955இல் இங்கிலாந்தில் வந்த ஃபிப்ஸ் வழக்கைக் கொண்டுவருவார். ஐந்து வயதுப் பையன் ஏழு வயது அக்காவோடு திறந்த வெளியில் நடந்து குழியில் விழுந்து காலை உடைத்துக்கொண்டான். சின்னப் பிள்ளைகளைப் பெற்றோர் தனியே அனுப்ப மாட்டார்கள் என்று நிலத்துக்காரர் எதிர்பார்க்கலாம் என்று சொல்லிக் கோர்ட் நஷ்ட ஈடு தரவில்லை. நம் நீதிமன்றங்களும் ஆங்கிலப் பொதுச் சட்டத்தைத்தான் இதில் பின்பற்றுகின்றன, அதனால் லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் அது வெட்டவெளியில் ஊரே பார்க்கக் கிடந்த குழி. இது குடியிருக்கிற பிள்ளைகள் தினமும் ஓடுகிற படிக்கட்டு. பெட்டியோ, பிள்ளையை 'வா' என்று கூப்பிடுகிற சாமான். 1922இல் கிளாஸ்கோ நகராட்சி வழக்கில், பூங்காவில் கண்ணைக் கவரும் நச்சுப்பழத்தைத் தின்று ஏழு வயதுப் பையன் இறந்தபோது நகராட்சிக்கு எதிரான வழக்கை ஓடவிட்டார்கள். நான் அதைப் பிடித்துக்கொண்டு வாதாடுவேன். உங்கள் கவனக்குறைவு என்று ஒன்று இருந்தாலும் அதைச் சொல்லிப் பேரனின் தொகையில் நேராகக் கழிக்க முடியாது. உங்களையும் வழக்கில் இழுத்துப் பங்கு கேட்கலாம், அவ்வளவுதான்.

வழக்குப் போட அவசரமில்லை. பிள்ளைக்குப் பதினெட்டு வயது ஆகும்வரை ஆறு ஆண்டுக் கணக்கு தொடங்காது. (மாநகர் மன்றம் போன்ற அரசு அமைப்பின் கட்டடமாக இருந்தால் 36 மாதக் கெடுவை நினைவில் வைக்க வேண்டும்.) அவன் சார்பில் அப்பா வழக்கைத் தொடுக்கலாம். தொகை பெரிதாக வராது என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்; லிஃப்ட் பயத்துக்கு மனநல மருத்துவர் எழுதித் தந்தால்தான் அது கணக்கில் ஏறும். வழக்குக்காக இல்லாவிட்டாலும் அவனை அழைத்துப் போங்கள். இதற்கிடையில் நிர்வாகம் ஆயிரம் இரண்டாயிரம் கொடுத்து 'இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்று கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள். பிள்ளைக்கான சமரசத்துக்கு நீதிமன்ற ஒப்புதல் வேண்டும்.

ரகசிய கேமராப் பதிவை அழிக்காமல் வைக்கும்படி நிர்வாகத்துக்கு இன்றே கடிதம் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். பழையதன் மேல் புதியது பதிவாகிக்கொண்டே போகும்.

கடைசியாக, பெட்டி இன்னும் அங்கேயே நிற்கிறது என்று எழுதியிருந்தீர்களே, அதைப் படித்ததும் பகீரென்றது. சாட்சியம் என்று அப்படியே விட்டுவைக்க வேண்டாம். மூடியைத் தூக்கிவிட்டுக் கொண்டி தானாக விழுந்து மாட்டுவதை உங்கள் மகன் இரண்டு மூன்று தடவை வீடியோ எடுக்கட்டும். ரப்பர் கிழிசலையும், உள் அளவையும் படம் எடுக்கட்டும். எடுத்து முடித்ததும் ராஃபியா கயிற்றை நான்கைந்து சுற்றுச் சுற்றி இறுக்கிக் கட்டிவிடுங்கள். யாருடைய சொத்தும் சேதமாகாது. பிறகு, அதை உடனே அகற்றி, மூடியைக் கழற்றித் தனியே வைக்கச் சொல்லி எம்சிக்கும் கடைக்காரருக்கும் எழுதுங்கள். தெருவில் 'சூராட் காபார் லாமா' என்று கூவிக்கொண்டு வருகிற லாரிக்காரரிடம் தள்ளிவிட மட்டும் விடாதீர்கள். வழக்கு முடியும்வரை மூடியும் கொண்டியும் நமக்கு வேண்டும்.